முடுக்கி செய்தியில விட்டுப்போன பாலிஷ் வேலை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல துகள் முடுக்கி, அதாவது எலக்ட்ரான் மாதிரி சின்னத் துகளுக்கு வேகம் ஏத்துற மெஷின் பத்தி வந்த கட்டுரைய படிச்சேன், சுரங்கம் எவ்ளோ நீளம், மேக்னட் எவ்ளோ பெருசுனு எல்லாம் நல்லா எழுதியிருந்தாங்க, ஆனா உள்ள இருக்குற உலோகத்துக்குப் போடுற பாலிஷ் பத்தி ஒரு வரி கூட இல்ல. முனிச்சாலைல முலாம் பட்டறை வச்சிருக்குறவன், இத சொல்லாம இருக்க மனசு வரல.

ஜெர்மனில ஹாம்பர்க் பக்கம் 2017-ல திறந்த எக்ஸ்ரே லேசர எடுத்துக்குங்க, அதுவும் ஒரு முடுக்கிய வச்சுதான் ஓடுது. அதுல எலக்ட்ரானுக்கு வேகம் குடுக்குறது நியோபியம்ங்குற உலோகத்துல செஞ்ச, உள்ள வெத்தா இருக்குற கூடுங்கதான். திரவ ஹீலியத்துல மைனஸ் 271 டிகிரிக்கு குளிர வச்சா கரண்ட் கிட்டத்தட்ட நஷ்டமே இல்லாம ஓடும். ஆனா அந்த கரண்ட் ஓடுறது மேல இருக்குற 40 நானோமீட்டர் அளவுக்குள்ளதான், தலைமுடி கனத்துல ஆயிரத்துல ஒரு பங்கு கூட வராது. அந்த மேல்தோல் சரியில்லனா கோடி கோடியா கொட்டுன மெஷினும் வீண்தான்.

தகட பிரஸ்ல அடிச்சு வெல்டு வைக்கும்போது மேல் அடுக்கு கெட்டுப்போயிரும், அதனால 100, 150 மைக்ரான் கரைச்சு எடுக்குறாங்க. கரைக்கிறதுக்கு 1 பங்கு ஹைட்ரோஃப்ளோரிக் ஆசிட், 9 பங்கு சல்ஃப்யூரிக் ஆசிட் கலந்து கரண்ட் விடுறாங்க, மைனஸ் பக்கம் மாட்டுற கேத்தோடு அலுமினியம். நாங்க முலாம் பூச சாமான மைனஸ்ல மாட்டுவோம், அவங்க கூட பிளஸ்ல மாட்டுறாங்க, மேடு முதல்ல கரைஞ்சு பரப்பு சமமாயிரும். (இத படிச்சுட்டு பட்டறைல யாரும் அந்த ஆசிட்ட தொட்டுறாதீங்க, ஹைட்ரோஃப்ளோரிக் தோல்ல பட்டா உடனே வலி கூட தெரியாம உள்ள எறங்கி எலும்பு வரைக்கும் போயிரும், உயிருக்கே ஆபத்து.)

இன்னொன்னு, ஆசிட்ல எறங்குன உலோகம் ஹைட்ரஜன உறிஞ்சும். ஹை டென்சில் போல்ட்டுக்கு, அதாவது அதிக பலம் உள்ள போல்ட்டுக்கு ஜிங்க் முலாம் போட்டா கையோட ஓவன்ல வைக்கணும், இல்லனா லோடு ஏறும்போது பட்டுனு உடையும்னு எங்க தொழில்ல பழகுன பையனுக்கு தெரியும். நியோபியத்துலயும் அதே ஹைட்ரஜன்தான், மெதுவா குளிர வச்சா மைனஸ் 170 பக்கத்துல உலோகத்தோட சேந்து ஹைட்ரைடுங்குற கூட்டுப்பொருளா திரண்டு கரண்ட் நஷ்டத்த பல மடங்கு ஏத்திவிட்டுரும், அதுக்காகவே வாக்குவம் ஃபர்னஸ்ல 800 டிகிரில சுட்டு விரட்டுறாங்க. அப்புறம் கிளீன் ரூம்ல வச்சு 100 பார் பிரஷர்ல சுத்தமான தண்ணி அடிச்சு கழுவுறது. அமெரிக்கால ஃபெர்மிலேப்னு ஒரு ஆராய்ச்சிக்கூடத்துல ஃபர்னஸ்ல சுடும்போது கொஞ்சம் நைட்ரஜன விட்டு பாத்தாங்க, நஷ்டம் இன்னும் நல்லா குறைஞ்சுச்சு, இப்போ கலிஃபோர்னியால இருக்குற எக்ஸ்ரே லேசர் மெஷின்ல அதே முறைதான்.

நம்ம நாட்டுலயும் இந்தூர்லயும் டெல்லிலயும் நியோபியம் வேலை நடக்குது. முலாம், பாலிஷ் மாதிரி கரண்ட்டும் ரசாயனமும் சேந்த மின்வேதியியலுக்குனே காரைக்குடில சிக்ரிங்குற மத்திய ஆராய்ச்சி நிலையம் இருக்கு, 1948-ல அடிக்கல் நாட்டுனது, அழகப்பச் செட்டியார் நெலமும் பணமும் அள்ளிக் குடுத்தது, மதுரைல பஸ் ஏறுனா ரெண்டு மணி நேரந்தான். ஆனா டிப்ளமோ முடிச்ச பையன் பட்டறைக்கு வந்தா "ஆசிட் வேலைக்கா போற"னு வீட்டுலயே கேக்குறாங்க, பொண்ணு குடுக்க யோசிக்கிறாங்க, அத கேக்கும்போது எனக்கு வயிறு எரியுது.

சிக்ரில இருக்குறவங்கள கேட்டு இந்த பாலிஷ் வேலைய பத்தி ஒரு முழுப் பக்கம் போடுங்க, என்ன படிச்சா இதுக்குள்ள போலாம்னும் சேத்து போடுங்க. மதுரைல இருக்குற பாலிடெக்னிக்காரங்க வருஷத்துக்கு ஒரு தடவையாவது பிள்ளைங்கள காரைக்குடிக்கு கூட்டிட்டு போகணும், பட்டறைய பாக்கணும்னா என்கிட்டயும் வரட்டும், நானே நின்னு காட்டுறேன்.

இப்படிக்கு,
முலாம் பட்டறைக்காரர்,
முனிச்சாலை, மதுரை.