25 கிலோகிரே என்று சான்றளித்தவர்களுக்கு

மதிப்பிற்குரிய கதிர்வீச்சு மையப் பொறுப்பாளர்களுக்கு, வணக்கம்.

தங்கள் காமா கதிர்வீச்சு அறையிலிருந்து திரும்பி வந்த, பிளாஸ்டிக்குக்கு மாற்றாக நான் செய்யும் மக்கும் படலங்களைப் பற்றி மூன்று முறை கடிதம் எழுதியும் பதில் வராததால், இதைப் பொதுவில் எழுத வேண்டியதாயிற்று.

மரவள்ளி ஸ்டார்ச்சும் பாலிவினைல் ஆல்கஹால் என்ற நீரில் கரையும் பாலிமரும் கலந்து வார்த்து, ஈரம் காயாமல் உறையிட்டு அனுப்பியவை அவை. 25 கிலோகிரே (கிரே என்பது பொருள் உள்வாங்கும் கதிர்வீச்சின் அலகு) ஏற்றியதாகத் தங்கள் சான்றிதழ் சொல்கிறது. இதே கலவை வேறொரு மையத்தில் அதே அளவு ஏற்றப்பட்டபோது, மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்து, கொதிநீரிலும் கரையாமல் பெரும்பகுதி நின்றது. இம்முறை கம்பிவலைப் பையில் இட்டு எட்டு மணி நேரம் கொதிக்கவைத்தேன். வலையின் கண்களில் கொஞ்சம் கஞ்சிப் பசைதான் ஒட்டியிருந்தது. பிழை என் கையில்தான் என்று நம்பி, மாதக்கணக்கில் மறுபடி மறுபடி வார்த்தேன்.

பிறகு நேரில் வந்தபோதுதான் அறைச் சுவரில் ஒட்டியிருந்த, எந்த அளவுக்கு எவ்வளவு நேரம் என்று சொல்லும் அட்டவணையைப் பார்த்தேன். அது ஆறு ஆண்டுகளுக்கு முந்தையது. கதிரைத் தரும் கோபால்ட்-60இன் அரை ஆயுள் 5.27 ஆண்டுகள், அதாவது அந்தக் காலத்தில் அதன் கதிர்வீச்சு பாதியாகிவிடும் என்பதைத் தங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அந்த அட்டவணைப்படி நேரம் வைத்தால் படலத்துக்குக் கிடைப்பது சுமார் 11 கிலோகிரேதான். சுவரில் என்ன ஒட்டியிருக்கிறது என்று படித்துப் பார்த்துவிட்டுக் கோபால்ட் சிதைவதில்லை. "கொஞ்சம் கூடக் குறைய இருந்தா என்னங்க?" என்றார் அங்கிருந்த ஊழியர். குறைந்தால் பிணைப்பு நிகழாது. கூடினால் ஸ்டார்ச் சங்கிலி அறுந்து படலம் நொறுங்கும். இந்த வேலையே அந்தக் கூடக் குறையவில்தான் இருக்கிறது.

ஆகவே கேட்பது ஒன்றுதான்: ஒவ்வொரு தொகுதியுடனும் டோசிமீட்டர் (கதிர்வீச்சு அளவுமானி) வைத்து, அளந்த அளவைச் சான்றிதழில் எழுதுங்கள்.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை. மக்கும் மாற்றைக் கண்டுபிடியுங்கள் என்று மேடைதோறும் எங்களுக்கு அறிவுரை கிடைக்கிறது. ஓர் அட்டவணையைத் திருத்தத்தான் ஆள் கிடைப்பதில்லை. கட்டணத்தை மட்டும் முன்கூட்டியே, பைசா பிசகாமல் அளந்து வாங்கிக்கொள்கிறீர்கள்.

வார்த்தை கடுமையாகியிருந்தால் பொறுத்தருள்க. அளந்த அளவோடு அந்தத் தொகுதியைக் கட்டணமின்றி மீண்டும் ஏற்றித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன். புதிய படலங்கள் உறைக்குள் தயாராக உள்ளன. ஸ்டார்ச் நாள்பட்டால் விறைத்து அப்பளமாகிவிடும் என்பதால், இம்மாதத்துக்குள் ஒரு தேதி சொன்னால் நானே கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஆய்வு மாணவி