செயலாளரின் ஆண்டறிக்கை: வாகன பார்ட்ஸ் (உதிரிபாக) மேலாளர்களுக்கான பயிற்சி

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு சங்கத்தின் வேலையில் பெரும்பகுதி பயிற்சிக்கே போனது. நம்மில் பலர் கவுன்டரில் நின்று, பார்ட் நம்பரை மனப்பாடமாகச் சொல்லும் அளவுக்குத் தேறி, ஒருநாள் திடீரென்று மேலாளர் ஆனவர்கள். பாகங்கள் அத்துப்படி. ரேக்கில் முடங்கிக் கிடக்கும் பணத்தைக் கணக்குப் பார்க்கத்தான் யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

சேசிஸ் நம்பரின் 17 எழுத்து, எண்களையும் முழுதாக வாங்கிப் பார்ப்பது, எண் மாறிய பாகத்தின் புதிய எண்ணைப் பிடிப்பது போன்றவை எல்லோருக்கும் தெரிந்தவை, சீக்கிரம் முடிந்தன. விலைக் கணக்கில்தான் தடுமாற்றம். 75க்கு வாங்கி 100க்கு விற்றால் விற்பனையில் லாபம் 25 சதவீதம். ஆனால் வாங்கிய விலைமேல் நாம் ஏற்றியது 33 சதவீதத்துக்கும் சற்று அதிகம். 25 சதவீத லாபம் வேண்டுமென்று வாங்கிய விலையில் 25 சதவீதம் மட்டும் ஏற்றினால், விற்பனையில் லாபமாக நிற்பது 20 சதவீதம்தான். "இத்தனை வருஷம் இப்படித்தான் போட்டுக்கொண்டிருந்தேன்" என்று ஒரு மூத்த உறுப்பினர் எழுந்து சொன்னார். அவர் மறைக்காமல் சொன்ன பிறகே மற்றவர்களும் வாய் திறந்தார்கள். அவருக்கு என் தனிப்பட்ட நன்றி.

அதிக நேரம் எடுத்துக்கொண்டது, நாம் தினமும் சொல்லும் 'இல்லை'. மெக்கானிக் வந்து ஒரு பெல்ட் டென்ஷனர் கேட்கிறார். இல்லை என்கிறோம். அவர் வெளியில் வாங்கிக்கொள்கிறார். கம்ப்யூட்டரில் அதற்குச் சுவடே கிடையாது. விற்கவில்லை, ஆகவே யாரும் கேட்கவில்லை என்று அது எடுத்துக்கொள்கிறது. 12 மாதத்தில் 3 முறை கேட்டால் ஸ்டாக் வை என்று விதி போட்டிருந்தும், கேட்டதைப் பதியாவிட்டால் அந்த விதிக்கு வேலையே இல்லை. அதனால் ஒரு வாரம் கவுன்டரில் நோட்டு வைத்து, ஒவ்வொரு 'இல்லை'யையும் எழுதி வரச் சொன்னோம். விலை மட்டும் விசாரித்தவரைச் சேர்க்கக் கூடாது என்பது நிபந்தனை. வந்த ஒரு நோட்டில் ஒரே பம்பர் கிளிப் நான்கு நாளில் ஐந்து முறை இருந்தது, மூன்று பேர் கையெழுத்தில். மூன்று பேரும் அதைத் தன்னிடம் மட்டுமே கேட்டதாக நினைத்திருந்தார்கள். இந்த ஆண்டு நான் பார்த்ததிலேயே பயனுள்ள பக்கம் அதுதான்.

அப்புறம் டெட் ஸ்டாக். ஒரு வருடமாக அசையாத பெட்டிகளை ஆராய்ந்தபோது, பல பெட்டிகள் வாடிக்கையாளருக்காகத் தனியாக வரவழைத்து, அவர் திரும்பி வராமல் நின்றுபோனவை என்று தெரிந்தது. முன்பணம் வாங்குவது, பாகம் வந்த அன்றே போன் போடுவது, திருப்பி அனுப்பும் கெடு முடியும் முன் முடிவெடுப்பது ஆகியவற்றை அவரவர் இடத்தில் நடைமுறைப்படுத்த உறுப்பினர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

ஸ்டாக் எண்ணும் பயிற்சியில் இன்னொன்று கண்ணில் பட்டது. வலது ஹெட்லைட் ஒன்று குறைவு, இடது ஒன்று அதிகம். விலை ஒன்றேதான். ஆண்டுக் கணக்கில் தொகை அச்சாக ஒத்துப்போகும். வலது கேட்டு வருபவர்தான் வெறுங்கையோடு திரும்புவார். வருடத்துக்கு ஒருமுறை எண்ணினால் போதாது, தினம் சில பின்களையாவது (பாகம் வைக்கும் ரேக் அறைகள்) எண்ண வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். சர்வீஸ் மேலாளர்களை இரண்டு அமர்வுகளுக்கு அழைத்தோம். வந்தவர்கள் மிகக் குறைவு. வேலை வரும் முன்தினமே பாகத்தை எடுத்துவைக்க, சர்வீஸ் பக்கத்திலிருந்து அப்பாயின்ட்மென்ட் பட்டியல் கைக்கு வர வேண்டும். அடுத்த ஆண்டு அவர்களுக்கு வசதியான நேரத்தில், அவர்கள் இடத்திலேயே அமர்வு வைக்கச் செயற்குழு முடிவு செய்திருக்கிறது.

வரவு செலவைப் பொருளாளர் தனியாகச் சமர்ப்பிப்பார். அடுத்த பயிற்சிக்கு உறுப்பினர்கள் தங்கள் கவுன்டர் ஊழியர் ஒருவரையும் நோட்டோடு அழைத்து வருமாறு கேட்டுக்கொண்டு, இந்த அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்