லிஸ்ட்டில் பாதியை அடித்துவிட்டேன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். மே லீவில் திருச்சிக்கு வரும்போது சுற்றிப் பார்க்க என்று நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய லிஸ்ட்டை அப்பா ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தார். கொடைக்கானல், கொல்லிமலை, ராமேஸ்வரம், தஞ்சாவூர், மலைக்கோட்டை, கல்லணை, முக்கொம்பு, வண்ணத்துப்பூச்சி பூங்கா, ரயில் மியூசியம். இருக்கிற லீவில் இத்தனையா என்று மலைத்துப்போனேன். போனில் சொல்லலாம் என்றால், நான் வாயைத் திறப்பதற்குள் சின்னவள் போனைப் பிடுங்கித் தன் பொம்மையைக் காட்ட ஆரம்பித்துவிடுகிறாள். அதனால்தான் கடிதம். மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு.

முதலில் கொடைக்கானலை அடித்துவிட்டேன். மே மாதத்தில் பாதித் தமிழ்நாடு அங்கேதான் நிற்கும். கூட்டம் தாங்காமல்தான் 2024-ல் ஹைகோர்ட் சொல்லி, ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டி போக இ-பாஸ் என்று கொண்டுவந்தார்கள். பாஸ் வாங்குவது பெரிய வேலை இல்லை, மாப்பிள்ளை உட்கார்ந்த இடத்தில் வாங்கிவிடுவார். ஆனால் மலைப்பாதையில் வண்டி நகராமல் நிற்கும்போது பின் சீட்டில் ரெண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு யார் சமாளிப்பது?

கொல்லிமலையும் இப்போது வேண்டாம். ஏறுவதற்கு 70 கொண்டை ஊசி வளைவு. சின்னவளுக்கு மேடு பள்ளம் இல்லாத ரோட்டிலேயே வாந்தி வருகிறது. ஆகாயகங்கை அருவிக்கு ஆயிரம் படிக்கு மேல் இறங்க வேண்டும். இறங்குவது சரி, குளித்துக் களைத்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அத்தனை படியும் ஏற வேண்டுமே. பெரியவனுக்குப் பத்து வயது ஆகட்டும், அவனே ஓடி ஓடி ஏறுவான். தஞ்சாவூர் பெரிய கோயிலும் அப்படித்தான். அந்தக் கல் தரையில் காலை பத்து மணிக்கு மேல் வெறுங்காலோடு நிற்க முடியாது. தை மாதம் வந்தால் நானே கூட்டிப்போகிறேன்.

ராமேஸ்வரத்தை மட்டும் அடிக்கவில்லை. அடித்தாலும் அப்பா விடமாட்டார்.

பெரியவன் போன தடவை பேசும்போது, “தாத்தா, கப்பல் வந்தா ரயில் பாலம் எப்படித் தூக்கும்?” என்று கேட்டான் அல்லவா? அன்றிலிருந்து திண்ணையில் பட்டறை போட்டாகிவிட்டது. ரெண்டு மரச்சட்டத்தை நிறுத்தி, நடுவில் ஒரு பலகையை நூலில் கட்டித் தொங்கவிட்டு, நூலின் மறு நுனியில் என்னுடைய பழைய எடைக்கற்களைக் கட்டியிருக்கிறார். பலகையும் கல்லும் ஒரே எடை என்பதால் ஒரு விரலால் தூக்கினால் பலகை மேலே போய்விடுகிறது. பாம்பன் புதுப் பாலத்திலும் இதே கதைதானாம். நடுவில் 72.5 மீட்டர் நீளத் துண்டை 17 மீட்டர் உயரத்துக்குத் தூக்குகிறார்கள், ஆனால் கனத்தின் பெரும்பகுதியை எதிர்ப்பக்க எடை தாங்கிக்கொள்வதால் மோட்டாருக்கு அவ்வளவு சிரமம் இல்லை. பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர், கேட்கவா வேண்டும்? என் எடைக்கல் எப்போது திரும்பி வரும் என்று கேட்டால் மட்டும் காது கேட்பதில்லை.

நீங்கள் சின்னதாக இருந்தபோது நாம் போனது 1914-ல் திறந்த பழைய பாலத்தில். கப்பல் வந்தால் ஆட்கள் நின்று கையால் சுற்றித்தான் அதைத் திறப்பார்கள். அந்தப் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். அப்புறம் 2025 ஏப்ரலில் புதுசு திறக்கும்வரை வண்டி மண்டபத்தோடு நின்றுவிட்டது. இப்போது திருச்சியில் காலையில் ஏறினால் மதியத்துக்குள் ராமேஸ்வரம் போய்விடலாம். கார் வேண்டாம். காரில் போனால் பிள்ளைகள் ரோட்டுப் பாலத்தில் நின்று ரயில் பாலத்தை வேடிக்கை பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் நமக்கு வருஷத்துக்கு மூன்று செட் ரயில்வே இலவசப் பாஸ். அது இல்லாவிட்டால் அப்பா சம்பளத்தில் நாம் சமயபுரம் தாண்டியிருக்க மாட்டோம். ஏப்ரல் பிறந்ததும் பட்டறையில் பாதிப் பேர் பாஸுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு நிற்பார்கள். வந்த பாஸை அப்பா ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப் பையில் வைத்து, நிமிஷத்துக்கு ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொள்வார். நான் முதல் நாள் ராத்திரியே புளிக்காய்ச்சல் செய்து, விடியற்காலை சாதம் கிளறி வாழையிலையில் கட்டிவிடுவேன். இட்லிக்கு மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் ரெண்டு பக்கமும் தடவி வைப்பேன். குடிக்கத் தண்ணீர் அந்த எவர்சில்வர் கூஜாவில்.

கூஜா உனக்கு ஞாபகம் இருக்கும். பாம்பன் பாலத்தில் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. நீ ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூஜா மூடியை வெளியே நீட்டி, காற்றில் வருகிற விசில் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாய். உன் கவுனின் பின் முடிச்சை அப்பா இறுக்கிப் பிடித்திருந்தார். மூடியை யாரும் பிடிக்கவில்லை. கடலுக்குள் போய்விட்டது. ராமேஸ்வரம் ஸ்டேஷன் வரும்வரை அழுகை. மூன்றாம் பிராகாரத்தில் 1,212 தூண் என்று அப்பா எவ்வளவோ ஆசையாகக் காட்டினார். நீ அண்ணாந்து பார்த்துவிட்டு, “அந்த மூடி இப்ப மீனுக்கிட்ட இருக்குமா?” என்று கேட்டாய். இன்றைக்கும் ராமேஸ்வரம் என்றால் நீ சொல்வது மூடிக் கதைதான், தூண் கதை இல்லை. உன் பிள்ளைகளுக்கும் எது மனதில் நிற்கும் என்று நீ இப்போதே திட்டம் போட முடியாது. அதனால் கோயிலில் எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்று இழுத்துக்கொண்டு அலையாதே. 22 தீர்த்தமும் சின்னவளுக்கு வேண்டாம், ஈரத்துணியோடு வரிசையில் நின்றால் சளி பிடித்துவிடும். அக்னி தீர்த்தத்தில் அலை அதிகம் இருக்காது, கரையோரம் உட்கார்த்திக் குளிப்பாட்டலாம்.

தனுஷ்கோடிக்கு 2017-லிருந்து அரிச்சல்முனை வரை நல்ல ரோடு. நாம் போனபோது மணலில் வேன் குதித்துக் குதித்துப் போகும். விடியற்காலை போய்விட்டு வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிட வேண்டும், அங்கே ஒதுங்க நிழல் கிடையாது. 1964 புயலில் ரயிலோடு ஊரே போன கதையைப் பெரியவனிடம் அங்கேயே சொல்ல வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். அவன் அப்புறம் ஊர் திரும்ப ரயில் ஏறமாட்டான்.

டிக்கெட்டை மாப்பிள்ளை 60 நாளுக்கு முன்னாலேயே போட்டுவிடட்டும், கோடையில் கிடைப்பது கஷ்டம். சின்னவளுக்கு ஐந்து வயது ஆகாததால் டிக்கெட் இல்லை. பெரியவனுக்குத் தனி சீட் வேண்டுமென்றால் முழு டிக்கெட். எங்களுக்கு ரிட்டயர்டு பாஸ் இருக்கிறது. கல்யாணம் ஆன பெண்ணை அதில் சேர்க்க முடியாது என்பதில் அப்பாவுக்கு இன்னும் மனத்தாங்கல்தான்.

திருச்சிக்குள் சுற்றுவது தனி. மலைக்கோட்டைக்குச் சாயங்காலம் போவோம். உச்சிப் பிள்ளையார் வரை 417 படி, பெரும்பகுதி உள்ளுக்குள்ளேயே நிழலில் ஏறலாம், கடைசியில்தான் வெட்டவெளி. சின்னவள் தாயுமானவர் சந்நிதிவரை தானே ஏறுவாள், அப்புறம் தூக்கச் சொல்வாள். மேலே நின்றால் ஒரு பக்கம் காவிரி, அந்தக் கரையில் ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம். வண்ணத்துப்பூச்சி பூங்காவைக் கடைசியில் வைத்துக்கொள். மழைக்குப் பிறகு போனால்தான் பூச்சி நிறைய பறக்கும். ரயில் மியூசியம் அப்பா பொறுப்பு. ஊட்டி மலை ரயிலுக்கு நீராவி இன்ஜின் செய்து கொடுத்தது எங்கள் பொன்மலை என்று பேரனிடம் பெருமை அடிக்க அவருக்கு ஓர் இடம் வேண்டும்.

கல்லணை, முக்கொம்பு ரெண்டில் ஒன்று போதும். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறப்பது ஜூன் 12, அதனால் மே மாதத்தில் காவிரியில் மணல்தான் அதிகம். நீ அதற்காக முகத்தைத் தூக்கிக்கொள்ளாதே, பிள்ளைகளுக்கு அதுதான் கொண்டாட்டம். காலை ஆறரைக்குப் போய், ஈர மணலாகப் பார்த்துக் கையால் தோண்டினால் முழங்கை ஆழத்தில் ஊற்று கசியும். முதலில் கலங்கலாக வரும், அதை ரெண்டு தடவை இறைத்துவிட்டுக் காத்திருந்தால் தெளிந்துவிடும். உன் அண்ணன் அதில் இலையை மிதக்கவிட்டுக் கப்பல் என்பான். கொட்டாங்கச்சி ரெண்டு எடுத்து வைத்திருக்கிறேன், பீச்சுக்கு வாங்கிய பிளாஸ்டிக் வாளியெல்லாம் கொண்டுவராதே. ஒன்றுமட்டும் கண்டிப்பு. கொள்ளிடம் பக்கம் பிள்ளைகள் இறங்கவே கூடாது. மணல் அள்ளிய குழி எங்கே இருக்கிறது என்று மேலே நின்று பார்த்தால் தெரியாது, முழங்கால் தண்ணீர் என்று நினைத்து வைத்த கால் ஆள் ஆழத்துக்குப் போய்விடும். மாப்பிள்ளைக்கு நீச்சல் தெரியும் என்பதெல்லாம் அங்கே செல்லாது.

மற்றபடி மே 4-க்கு அக்னி நட்சத்திரம் தொடங்கிவிடும். காலை பத்தரையிலிருந்து சாயங்காலம் நாலரை வரை யாரும் வாசல் தாண்டக் கூடாது. அந்த நேரத்துக்கு என்ன செய்வது, டேப்லெட் கொண்டுவரட்டுமா என்று கேட்டாய். கொண்டுவா, ஆனால் எடுக்க நேரம் இருக்காது. கூழ்வற்றல் பிழியாமல் உனக்காகக் காத்திருக்கிறேன். பச்சரிசி மாவும் ஜவ்வரிசியும் ராத்திரியே கிளறிவிட்டால் விடியற்காலை மாடியில் வேட்டியை விரித்துப் பிழியலாம். பெரியவனுக்கு அச்சு கொடுப்பேன், கோணல்மாணலாக வந்தால் வரட்டும். பத்து மணிவரை காக்காய் விரட்டுவது சின்னவள் வேலை, மாடிப்படிக் கூரை நிழலில் உட்கார்ந்து குச்சியைத் தட்டினால் போதும். காக்காயைவிட அவள்தான் அதிகம் தின்பாள், நீங்களும் அப்படித்தானே. பாதி காய்ந்து, மேலே தோல் கட்டி உள்ளே கொழகொழவென்று இருக்கும்போது பச்சை மிளகாய்க் காரத்தோடு தின்பதில் என்ன ருசியோ, பொரித்துக் கொடுத்தால் சீண்டமாட்டீர்கள். சின்னவளுக்காக ஓரத்தில் காரம் இல்லாமல் கொஞ்சம் பிழிகிறேன். சாயங்காலம் துணியைத் திருப்பித் தண்ணீர் தெளித்து உரிப்பது உன் வேலை. எனக்குக் குனிந்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது.

சாப்பாட்டுக்குப் பயப்படாதே. நுங்கு, வெள்ளரிப்பிஞ்சு, மோர் என்று ஓடிவிடும். அவள் சோறே தின்பதில்லை என்று நீ வீடியோ காலில் புலம்புவதைப் பார்த்து அப்பா சிரிக்கிறார். உன்னைச் சாப்பிட வைக்க நான் குவார்ட்டர்ஸ் தெரு முழுக்கக் கிண்ணத்தோடு சுற்றியிருக்கிறேன். பட்டறைச் சங்கு ஊதினால் ஒரு வாய் வாங்கு என்று உனக்கும் எனக்கும் ஒப்பந்தம். அந்த நேரம் பார்த்துத்தான் சோறே பிசைவேன்.

மாப்பிள்ளை லீவு கிடைக்காமல் லேப்டாப்போடு வருவார் என்றாய். உள் அறையை ஒழித்துவிட்டோம், ஃபேன் புதுசு. அவர் வேலை நேரத்தில் பிள்ளைகள் கதவைத் தட்டாமல் பார்த்துக்கொள்வது அப்பா பாடு.

வரும்போது பெரியவனுடைய பழைய செருப்பையும் எடுத்து வா, ஆற்று மணலுக்குப் புதுசு வீண். சின்னவளின் வாந்தி மருந்துச் சீட்டை மறக்காதே. நீங்கள் வரும் வண்டி விடியற்காலை இருட்டில்தான் வரும், ஆட்டோ பிடித்து வந்துவிடுகிறோம் என்று நீ சொல்வாய். அப்பா கேட்கமாட்டார், பிளாட்பாரத்தில் நிற்பார். பெட்டி நம்பர் தெரிந்ததும் அவருக்கு அனுப்பிவிடு.

அன்புடன்,
அம்மா