மாமா, அந்த எஃப் 8-ஐ அழுத்தாதீர்கள்

அன்புள்ள மாமாவுக்கு,

போன வாரம் உங்கள் மேசையில் மாதிரி ரயில் ஓடியதைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து ஒரு விஷயம் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. நீராவி இன்ஜினைத் தண்டவாளத்தில் வைத்ததும் நீங்கள் செய்த முதல் வேலை, கையிலிருந்த கன்ட்ரோலரில் எஃப் 8 பொத்தானை அழுத்திச் சத்தத்தை நிறுத்தியதுதான். "தகர டப்பாவுக்குள் ரேடியோ பாடுற மாதிரி இருக்கு" என்றீர்கள். இதே காரணத்துக்காகச் சத்தத்தை அணைத்து வைத்திருப்பவர்கள் வேறு பலரும் இருப்பார்கள் என்பதால், எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன்.

இன்ஜினின் ஓட்டத்தையும் சத்தத்தையும் கவனிக்கும் சின்ன மின்னணுப் பலகையான டீகோடர் மேல் குற்றமில்லை மாமா. இன்ஜினுக்குப் பின்னால் வரும் கரி-தண்ணீர் வண்டியான டெண்டரைத் திறந்தபோது கவனித்தேன், ஸ்பீக்கர் ஒரு துண்டு டேப்பில் வெறுமனே ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் சவ்வு முன்பக்கம் காற்றைத் தள்ளும் அதே நொடியில் பின்பக்கம் காற்றை இழுக்கிறது. இந்த இரண்டு அலைகளும் கலந்தால் ஒன்றையொன்று விழுங்கிவிடும். முதலில் காணாமல் போவது கனத்த ஒலிகள்தான், மிஞ்சுவது கீச்சுக்குரல். பின்புறத்தைக் காற்றுப் புகாத சின்னப் பெட்டிக்குள் அடைத்தால் அதே ஸ்பீக்கர் வேறு குரலில் பேசும். பிளாஸ்டிக் தகட்டை வெட்டி நாமே பெட்டி செய்யலாம், ஓரத்தில் ஊசிமுனை அளவு இடைவெளிகூட இருக்கக் கூடாது, அவ்வளவுதான். டெண்டரில் இடம் தாராளமாக இருக்கிறது, கொள்கிற அளவில் பெரிய ஸ்பீக்கரைப் போடுவோம். இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்களைப் பக்க இணைப்பில் சேர்க்க ஆசைப்பட்டால் மட்டும் பொறுங்கள். மின்தடை 4 ஓம் ஆகக் குறைந்துவிடும், டீகோடர் தாங்குமா என்று கையேட்டைப் பார்க்க வேண்டும்.

அடுத்தது சத்தத்தின் அளவு. உங்களுடையது எச்ஓ அளவு ரயில், அதாவது நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு (1:87). ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்து பார்த்தால், நிஜ ரயிலை 87 மீட்டர் தூரத்திலிருந்து பார்ப்பதற்குச் சமம். அவ்வளவு தூரத்திலிருந்து வருகிற சத்தம் காதைக் குடையாது. டீகோடரின் ஒவ்வொரு அமைப்புக்கும் சிவி என்று ஓர் எண் உண்டு. உங்கள் லோக்சவுண்ட் டீகோடரில் மொத்த ஒலியளவு சிவி 63-இல் இருக்கிறது. இப்போது இருப்பதில் பாதிக்குக் குறையுங்கள், பிறகு இன்னும் கொஞ்சம். ரயில் மேசையின் மறுகோடிக்குப் போகும்போது சத்தம் தேய்ந்து, திரும்பி வரும்போது வளர வேண்டும். எனக்கு இதில் மிகவும் பிடித்த இடமே அதுதான்.

இனி அந்த 'குப் குப்'. சாதாரண நீராவி இன்ஜினில் இரண்டு சிலிண்டர்கள். ஒவ்வொன்றிலும் பிஸ்டனின் இரு பக்கமும் நீராவி மாறி மாறித் தள்ளுகிறது. ஆகவே பெரிய சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் நான்கு குப். மூன்று சிலிண்டர் என்றால் பெரும்பாலும் ஆறு. உங்கள் இன்ஜினில் சக்கரம் ஒரு சுற்றுப் போவதற்குள் ஆறேழு முறை கேட்டது. கண் ஒன்றைப் பார்க்கிறது, காது வேறொன்றைக் கேட்கிறது. நீங்கள் எரிச்சல்பட்டதற்கு இதுவும் காரணம் என்று நம்புகிறேன். சக்கரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்து, கன்ட்ரோலரின் மிகக் குறைந்த வேகமான முதல் வேகப் படியில் ஓடவிட்டு எண்ணுங்கள். நான்கு வரும்வரை சிவி 57-ஐ மாற்றுங்கள். மேல் வேகங்களுக்கு சிவி 58. பொறுமையான வேலை, ஆனால் பொருந்திய கணத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும்.

வேகம் ஏறும் விதத்துக்கான சிவி 3, குறையும் விதத்துக்கான சிவி 4 இரண்டையும் கூட்டிவையுங்கள். இன்ஜின் பொம்மை மாதிரி சட்டென்று பாய்ந்தால் எந்தச் சத்தமும் அதற்குப் பொருந்தாது. மெல்லக் கிளம்பி மெல்ல நிற்கும்போதுதான் பின்னால் பாரம் இருப்பது காதுக்குத் தெரியும். உங்கள் டீசலுக்கும் இது பொருந்தும். டீசல்-எலெக்ட்ரிக்கில் இன்ஜின் ஓட்டுவது ஜெனரேட்டரை. அந்த மின்சாரத்தில் சக்கரத்தைச் சுழற்றுவது மோட்டார். அதனால் முதலில் உறுமல், அப்புறம்தான் அசைவு.

தண்டவாளத்தையும் துடைத்துவையுங்கள். ஒரு நொடி மின்சாரம் விட்டுப்போனால் மோட்டார் தன்னோடு சுழலும் கனமான ஃப்ளைவீல் சக்கரத்தின் தயவில் சமாளித்துவிடும், ஆனால் சத்தம் அறுந்து முதலிலிருந்து தொடங்கும். கொஞ்சம் மின்சாரத்தைச் சேமித்து வைத்துக் கொடுக்கும் ஒரு கீப் அலைவ் கெப்பாசிட்டர் வைத்தால் அந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். அதை வைத்த பிறகு, அமைப்புகளை மாற்றுவதற்கென்றே தனியாக இருக்கும் புரோகிராமிங் தடத்தில் சிவியைப் படிக்க முடியாமல் போகலாம். பயப்படாதீர்கள், ஓடும் தடத்திலேயே எழுதலாம்.

விசிலைக் காரணமில்லாமல் ஊதவேண்டாம். உங்கள் மேசையில் இருப்பது அமெரிக்கப் பாதை, லெவல் கிராசிங்குக்கு முன் இரண்டு நீளம், ஒரு குட்டை, மறுபடி ஒரு நீளம். கடைசி நீளம் இன்ஜின் சாலையைத் தொடும்வரை நிற்காது. அதை மட்டும் ஊதினாலே போதும், அந்த இடம் உயிர் பெறும்.

அடுத்த முறை வரும்போது சால்டரிங் அயர்னும் பிளாஸ்டிக் தகடும் கொண்டுவருகிறேன். பெட்டியை ஒட்டி, காய்ந்ததும், விளக்கை அணைத்துவிட்டுக் கேட்போம். அதுவரை டெண்டரைத் திறந்தே வைத்திருங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகன்