விசைப்படகுகளின் ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) உரிமையாளருக்குத் தெரியாமல் நடக்கும் பெயர் மாற்றத்தைத் தடுக்கக் கோரும் மனு

அனுப்புநர்
விசைப்படகு, ஃபைபர் படகு உரிமையாளர்கள்,
பாக் நீரிணைக் கடற்கரை.

பெறுநர்
உயர்திரு உதவி இயக்குநர் அவர்கள்,
மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை.

பொருள்: படகுப் பதிவுச் சான்றில் மோசடியாகப் பெயர் மாற்றுவதைத் தடுத்தல் – நேரடி விசாரணையும் படகு ஆய்வும் இன்றிப் பெயர் மாற்றம் செய்யக் கூடாது எனக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் மீனவர் குறைதீர் கூட்டத்திலும் தங்கள் அலுவலகத்திலும் முன்னர் கொடுத்து, ஒப்புகைச் சீட்டோடு நின்றுவிட்ட எங்கள் மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஜெட்டியும், கடலுக்குப் போக அனுமதிச் சீட்டு தரும் டோக்கன் கவுண்டரும், ஏலக்கூடமும் தாங்கள் நன்கு அறிந்த இடங்கள். வாரம் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்ற முறையில் இங்கே தொழில் எப்படி ஓடுகிறது என்பதைத் தங்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை. எனவே நேராக விஷயத்துக்கு வருகிறோம். ஆர்.சி.யில் உள்ள உரிமையாளர் பெயர் உரியவருக்கே தெரியாமல் மாறிப்போகிறது. அதைத் தடுத்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

1. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில்தான் படகு கரையேறி, பலகை மாற்றி, கலப்பத்து பார்த்து (பலகை இடுக்கில் பஞ்சு திணித்து அடைத்து), இன்ஜின் பிரித்து, பெயிண்ட் அடிக்கப்படுகிறது. வருமானம் இல்லாத அந்த நேரத்தில்தான் செலவு மொத்தமும் வருகிறது. கடன் கொடுக்கும் வியாபாரி ஈடாகக் கேட்பவை: அசல் ஆர்.சி., ஆதார் நகல், பாஸ்போர்ட் அளவுப் படம், கையெழுத்து மட்டும் போட்ட வெற்று முத்திரைத் தாள். இவை நான்கும் சேர்ந்தால் அதுவே பெயர் மாற்ற விண்ணப்பத்துக்கான கட்டு. விலையையும் தேதியையும் பிறகு யார் வேண்டுமானாலும் எழுதி நிரப்பலாம். படகுப் பதிவுக்கான ரியல்கிராஃப்ட் இணையதளத்தில் விண்ணப்பித்தால் செல்போனுக்குத் தகவல் வருமே என்று கேட்கலாம். பலருடைய பதிவில் இருப்பது விண்ணப்பம் ஏற்றிக் கொடுத்த கம்ப்யூட்டர் சென்டர்காரரின் எண்ணோ, புரோக்கரின் எண்ணோதான். தகவல் அங்கே போகும், இங்கே வராது.

2. இதற்கு நேர்மாறாகவும் நடக்கிறது. படகை முழுப்பணம் கொடுத்து வாங்கியவர் நோட்டரி கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தோடு தொழிலுக்குப் போய்க்கொண்டிருப்பார். ஆர்.சி. பழையவர் பெயரிலேயே கிடக்கும். அதே படகைப் பழையவர் இன்னொருவருக்கும் விற்கிறார். ஆர்.சி. கையில் இருப்பதால் இரண்டாவதாக வாங்கியவர் முந்திக்கொள்கிறார்.

3. உடைத்த படகின் ஆர்.சி. திரும்ப ஒப்படைக்கப்படுவதில்லை. மரம் விறகுக்கும் இரும்பு காயலான் கடைக்கும் போன பிறகு, காகிதம் மட்டும் நல்ல விலைக்குப் போகிறது. அந்த எண்ணை அணியத்தின் (படகின் முன்பகுதி) இரு பக்கமும் வீல்ஹவுஸ் (படகு ஓட்டும் அறை) கூரையிலும் எழுத ஒரு டப்பா பெயிண்ட் போதும். ஒரே எண்ணில் இரண்டு படகு இருந்து, மாற்றி மாற்றி டோக்கன் எடுத்தால் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிய வழியே இல்லை.

4. ஐயா, எங்களை வயிற்றில் அடிப்பது இதுதான். பெயர் மாறிய நாளிலிருந்து உண்மையான உரிமையாளர் தன் படகுக்கே அந்நியன். டோக்கன் கிடையாது. மானிய டீசல் கிடையாது. உரிமம் புதுப்பிக்க முடியாது. இன்சூரன்ஸ் பேச்சே இல்லை. தங்கள் அலுவலகத்தில் கேட்டால் "இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க" என்கிறார்கள். காவல் நிலையத்தில் கேட்டால் "மீன்வளத் துறை புக்கில் யார் பேரு இருக்கோ அவர்தான் ஓனர்" என்கிறார்கள். கோர்ட்டில் வாய்தா மேல் வாய்தா.

அதுவரை படகு சும்மா இருக்குமா? கரையில் ஏற்றி வைத்தால் வெயிலில் பலகை காய்ந்து சுருங்கி, பொருத்து விலகி, திணித்த பஞ்சு தானாக வெளியே வரும். ஆணித்தலையைச் சுற்றித் துரு ஊறி ஓட்டை பெரிதாகும். தண்ணீரிலேயே கட்டிப் போட்டால் பாசியும் சிப்பியும் ஏறும், கடல்புழு அடிமரத்தைத் துளைக்கும். மழை நாளில் தண்ணீர் இறைக்க ஆள் இல்லையென்றால் கட்டிய இடத்திலேயே படகு உட்கார்ந்துவிடும். ஓட்டாத இன்ஜினில் உப்புக்காற்று பட்டு இன்ஜெக்டர், பம்ப், ரிங் எல்லாம் இறுகிப்போகும். கியர்பாக்ஸும் பேட்டரியும் ராத்திரியோடு ராத்திரியாகக் காணாமல் போகும். கடைசியில் தீர்ப்பு வரும்போது ஜெயித்தவருக்குக் கிடைப்பது மரக்கட்டை. யாருக்காக ஐயா இந்த வழக்கு?

இலங்கைக் கடற்படை பிடித்த படகின் கதை இன்னும் கொடுமை. அந்நாட்டின் 2018 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு உரிமையாளரே ஆவணங்களோடு அங்குள்ள நீதிமன்றத்தில் ஆஜராக வேண்டும். இல்லையென்றால் படகு இலங்கை அரசுடைமை. ஆர்.சி.யில் பெயர் உள்ளவருக்குப் போக அக்கறை இல்லை. பணம் போட்டவருக்குப் போக உரிமை இல்லை. படகு அங்கேயே மக்குகிறது. ஆர்.சி.யில் ஒரு வரி சரியாக இருந்திருந்தால் கேட்கவாவது ஒரு ஆள் இருந்திருப்பார்.

5. உரிமையாளர் இறந்தால் ஒரு வாரிசு மட்டும் மற்றவர்களின் ஒப்புதல் இல்லாமல் பெயரை மாற்றிக்கொள்வதும் உண்டு. விதவைகள்தான் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள்.

6. எனவே தங்களிடம் கேட்பது:

அ) பதிவேட்டில் பெயர் உள்ள உரிமையாளர் தங்கள் முன் நேரில் வந்து, கைரேகை வைத்து, "விற்றேன்" என்று சொல்லாமல் பெயர் மாற்றம் செய்யக் கூடாது. பயோமெட்ரிக் அட்டையை எதற்குக் கொடுத்தோம்? இதற்குப் பயன்படட்டும்.

ஆ) விண்ணப்பம் வந்ததும் படகு எண், விற்பவர், வாங்குபவர் பெயரோடு ஏலக்கூடத்திலும் டோக்கன் கவுண்டரிலும் 15 நாள் அறிவிப்பு ஒட்ட வேண்டும். ஜெட்டியில் யார் படகு யாருடையது என்பது எல்லோருக்கும் தெரியும். ஒட்டிய அன்றே உண்மை வெளியே வந்துவிடும். ஒரு தாள், கொஞ்சம் பசை. இதற்குக் கூட மேலிட உத்தரவு வர வேண்டும் என்றால் நாங்கள் என்ன சொல்ல?

இ) ஆய்வாளர் படகில் ஏறிப் பார்க்க வேண்டும். நீளம், அகலம், ஆழம் அளந்து, இன்ஜின் பிளாக்கில் அடித்துள்ள எண்ணைப் படமெடுக்க வேண்டும். மேலே ஆணி அடித்த தகட்டைப் படமெடுப்பதில் பயனில்லை, அதைக் கழற்றி இன்னொரு இன்ஜினில் மாட்டிவிடுகிறார்கள். பழைய லாரி இன்ஜின் போட்டிருந்தால் வாங்கிய ரசீதையும் கேட்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பார்த்து "ஆய்வு செய்யப்பட்டது" என்று எழுதுவது ஆய்வு ஆகாது.

ஈ) பெயிண்ட் எண்ணை மட்டும் நம்பக் கூடாது. மரப்படகில் ஏராவிலும் (அடிமரத்திலும்), இன்ஜின் உட்காரும் கட்டையிலும் உளியால் எண் வெட்ட வேண்டும். ஃபைபர் படகில் அச்சிலிருந்து எடுக்கும் முன்பே எண் பட்டையைக் கண்ணாடி இழை விரிப்புக்கு (மேட்) அடியில் வைத்து அதன்மேல் ரெசின் பூச வேண்டும். வெட்டி எடுக்காமல் அதை மாற்ற முடியாது. இரண்டாவது எண் எந்த இடத்தில் உள்ளது என்பது அலுவலகப் பதிவில் மட்டும் இருக்கட்டும்.

உ) கடன் விவரத்தை ஆர்.சி.யிலேயே எழுத வேண்டும். ஒரு பழைய ஸ்கூட்டரின் ஆர்.சி.யில் கூட எந்த ஃபைனான்ஸ் என்று இருக்கிறது. பல லட்ச ரூபாய் படகுக்கும் அந்த ஒரு வரி வேண்டும். வாங்க வருபவர் கேட்டால் வில்லங்க விவரம் எழுத்தில் கிடைக்க வேண்டும்.

ஊ) உடைத்த படகின் ஆர்.சி.யை வாங்கி ரத்து செய்யாமல் அந்த எண்ணுக்கு எதையும் புதுப்பிக்கக் கூடாது.

எ) வழக்கில் உள்ள படகை, தீர்ப்பு வரும்வரை தண்ணீர் இறைத்து, வாரம் ஒருமுறை இன்ஜின் ஓட்டிப் பராமரிக்க இரு தரப்பில் ஒருவருக்கு எழுத்து மூலம் அனுமதி தர வேண்டும். இதையாவது செய்யுங்கள் ஐயா. படகு மிஞ்சினால்தானே உரிமை.

7. "பரிசீலனையில் உள்ளது" என்ற பதில் இனி வேண்டாம். முடியாது என்றால் முடியாது என்று எழுத்தில் தாருங்கள், மேல்முறையீட்டுக்கு அதாவது உதவும்.

ஐயா, கோபத்தில் எழுதியதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தங்களை நம்பித்தான் மீண்டும் வருகிறோம். வரும் தடைக்காலக் கடன் தொடங்கும் முன், குறைந்தபட்சம் அ, ஆ இரண்டையும் தங்கள் அலுவலக அளவில் ஒரு சுற்றறிக்கை மூலம் நடைமுறைப்படுத்துமாறு மீண்டும் மீண்டும் கேட்டுக்கொள்கிறோம். உரியவர் நேரில் வராமல் பெயரை மாற்றாதீர்கள்.

இப்படிக்கு,
படகு உரிமையாளர்கள்
(கையெழுத்துகள் தனித்தாளில்)

இணைப்பு: முந்தைய மனுக்களின் ஒப்புகைச் சீட்டு நகல்கள்.
நகல்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், தகவலுக்காகவும் நடவடிக்கைக்காகவும்.