செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நூலகம், மாலை வகுப்பு, மருத்துவ முகாம் எல்லாம் வழக்கம்போல நடந்தன. அவற்றின் வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் நேரே தொழிற்சாலை விஷயத்துக்கு வருகிறேன். பலர் இன்று வந்திருப்பதே அதற்காகத்தான்.

நம் பகுதியில் ஆலை தொடங்க முன்வந்தவர்களின் திட்ட அறிக்கையைத் துணைக்குழு வரிவரியாகப் படித்தது. கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் வங்கிக் கடன், அதோடு அவர்கள் கைமுதல், மிச்சத்துக்கு மானியம் என்று கூட்டல் கணக்கு சரியாகவே இருந்தது. நடைமுறை மூலதனத்துக்கு, அதாவது ஆலையை அன்றாடம் ஓட்டத் தேவையான பணத்துக்கு, மட்டும் ஒரே ஒரு வரி. வங்கி அதிகாரி அந்த வரியைப் பென்சிலால் சுழித்தார். "மூலப்பொருளுக்கு ரொக்கம் கொடுக்கணும். சரக்கு வாங்குறவர் மூணு மாசம் கழிச்சுத்தான் பணம் தருவார். நடுவுல மூணு சம்பளம் வருதே, அது எங்கேருந்து?" என்றார். யாரிடமும் பதில் இல்லை. மானியமும் பெரும்பாலும் செலவு செய்து காட்டிய பிறகுதான் கைக்கு வரும். அதை நம்பிக் கூரை போட முடியாது. அறிக்கையைத் திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

வெளியில் எப்படிச் செய்தார்கள் என்றும் பார்த்தோம். அமெரிக்காவில் 2000-இல் சட்டமான 'நியூ மார்க்கெட்ஸ்' வரிச்சலுகை, ஏழைப் பகுதிகளுக்கென்றே வந்தது. வறுமை 20 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள பகுதி என்பது அதன் தகுதிகளில் ஒன்று. முதலீட்டில் 39 சதவீதம் வரியில் கழியும். ஆனால் ஒரே தடவையில் இல்லை. முதல் மூன்று ஆண்டுகள் ஆண்டுக்கு 5 சதவீதம், அடுத்த நான்கு ஆண்டுகள் ஆண்டுக்கு 6 சதவீதம். நடுவில் முதலீட்டை உருவினால் பெற்ற சலுகையையும் திருப்பிக் கட்ட வேண்டும். பணத்தை ஏழு ஆண்டுகள் கட்டிப்போடும் இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் இத்தனை பேருக்கு வேலை கொடுத்தாக வேண்டும் என்று அந்தச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. வக்கீல், கணக்காயர் செலவும் அதிகம். சின்ன ஆலைக்குக் கட்டாது.

ஸ்பெயினின் மோன்ட்ராகனில் வேறு வழி. 1956-இல் தொழிலாளர்களே கூட்டுறவாக ஆலை தொடங்கினார்கள். 1959-இல் ஊர் மக்களின் சேமிப்பைத் திரட்டக் கூட்டுறவு வங்கியும் வந்தது. இதைக் கேட்டதும் நம்மில் சிலர் "கடன் வாங்கியாவது நாங்களும் பங்கு போடுகிறோம்" என்றார்கள். அந்த ஆர்வத்தை மதிக்கிறோம். ஆனால் செயற்குழு ஒப்பவில்லை. ஆலை நொடித்தால் பிணை வைத்திருக்கும் வங்கி முதலில் எடுத்துக்கொள்ளும், பங்குக்காரர் கடைசி வரிசை. வேலையும் போய்ச் சேமிப்பும் போனால் அந்தக் குடும்பம் எங்கே நிற்கும்? கையில் மிச்சமிருப்பவர் போடட்டும், அதுவும் திருத்திய கணக்கைப் பார்த்த பிறகு.

அப்புறம், வேலை யாருக்கு என்பது. "உள்ளூர்க்காரர்களுக்கு முன்னுரிமை" என்று வாயால் சொல்கிறார்கள். இயந்திரம் வந்து இறங்கும்போது அதை ஓட்டத் தெரிந்தவர் இங்கே இல்லாவிட்டால் வெளியிலிருந்துதான் ஆள் வருவார்கள். ஆகவே கட்டடம் எழும் காலத்திலேயே, உதவித்தொகையோடு பயிற்சி தொடங்க வேண்டும். அந்தச் செலவு திட்ட மதிப்பீட்டிலேயே சேர வேண்டும்.

பொதுக்குழுவின் முடிவுக்கு இரண்டு தீர்மானங்களை வைக்கிறேன். உள்ளூர் வேலைவாய்ப்பும் பயிற்சியும் எழுத்து மூல ஒப்பந்தமாகும்வரை சங்கம் ஆதரவுக் கடிதம் தருவதில்லை. துணைக்குழுவின் காலம் ஓராண்டு நீட்டிக்கப்படுகிறது. அறிக்கையை ஏற்று, தீர்மானங்களை விவாதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்