நோர்வேயின் பேர்கனில் இருக்கும் மகளுக்கு

குஞ்சு,

"டே ப்ளீர் ப்றா, அம்மா" என்று எழுதினாய். எல்லாம் சரியாகிவிடும் என்று. அதற்குப் பிறகு பதினாறு நாளாக ஒரு சத்தமும் இல்லை. சாப்பிடுகிறாயா?

நித்திரை வராமல் அந்த 'ப்ளீர்' பற்றியே தேடி வாசித்தேன். அதன் மூலச்சொல்லான 'ப்ளி' நோர்வேக்காரரின் சொந்தச் சொல் இல்லை. உன் வீட்டு ஜன்னலில் தெரிகிற பழைய மரவீடுகள் நிற்கும் துறையில் 1360 அளவில் கந்தோர் போட்ட ஹன்சா என்ற ஜெர்மன் வணிகக் கூட்டத்தார் பேசிய கீழ்ஜெர்மன் மொழியில் இருந்து வந்தது. வடக்கில் காயவைத்த கொட் மீனை வாங்கத் தானியத்தோடு வந்தவர்கள் அவர்கள். அங்கே கல்யாணம் கட்டவும் அனுமதி இல்லை. அவர்கள் காலம் முடிந்தது, சொல் தங்கிவிட்டது.

அதன் முதல் பொருளே 'தங்கு' தான். பிறகு 'ஆகு' என்றும் வந்து, இங்கே இருந்த பழைய 'வெர்தா'வை ஓரம்கட்டிவிட்டது. நீ அழுது அழுது படித்த நீநொர்ஸ்கில், நோர்வே மொழியின் மற்ற எழுத்து வடிவத்தில், அது 'வெர்டே' என்று இன்னும் இருக்கிறது. நமக்குத் தங்குவது வேறு, ஆவது வேறு. இவர்களுக்கு இரண்டும் ஒரே சொல். நீ டாக்டர் ஆனதற்கும் இதே சொல்தான். அன்று அப்பா யாழ்ப்பாணம் வரைக்கும் போன் எடுத்தார், தெரியும்தானே. முன்பு நாங்கள் வடகோடி ஃபின்மார்க்கில் இருந்தபோது பக்கத்து வீட்டுப் பாட்டி, தன் மனிசன் கடலில் 'ப்ளே' என்றபோது, எங்கேயோ தங்கிவிட்டாராக்கும் என்று நினைத்தேன். மூழ்கிப்போனதைத்தான் அப்படிச் சொன்னாள்.

நேரத்துக்குச் சாப்பிடு. தங்கச்சிக்கு மட்டும் பதில் போடுகிறாய், எனக்கு ஒரு வரி எழுதினால் என்ன?

நாலு வயதில் பாலர் பள்ளி வாசலில் என் ஜக்கெட்டைப் பிடித்துக்கொண்டு "ப்ளி, அம்மா" என்றாய். அப்போது எனக்கு மொழி விளங்கவில்லை என்றுதான் இவ்வளவு காலமும் சொல்லி வந்தேன். விளங்கினது, குஞ்சு. மீன் பக்டறிக்குப் பிந்திவிடும் என்று, விளங்காத மாதிரி உன் விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டுப் போனேன். நீ திரும்ப ஒருநாளும் அப்படிக் கேட்கவில்லை. அந்தச் சொல்லை மட்டும் இல்லை, எதையுமே.

வெள்ளிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். ஏழு மணித்தியாலம்தானே. இடியப்பமும் சொதியும் கொண்டு வருகிறேன், சாப்பிடு. அவனைப் பற்றி ஒன்றும் கேட்கமாட்டேன். திரும்பி வர டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை.

அம்மா